சில்லுக்குள் இருக்கும் ஸ்டெப்னி

யாரிடமும் உட்கார்ந்து பாடம் கேட்டவன் இல்லை நான். ரேடியோவைப் பிரித்தேன், பிறகு டி.வி.யைப் பிரித்தேன், தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டரையும் திறந்து பார்க்கும் துணிச்சல் வந்திருந்தது. ராயப்பேட்டையில் ஒரு சின்ன அறை, போக வர ஒரு சைக்கிள். அவ்வளவுதான் என் கம்பெனி.

மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாமி இருந்தார். வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரிடமிருந்து போன்.

"தம்பி, ஆன் பண்ணினா ஒரு வரி இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிட்டு அப்படியே நின்னுண்டிருக்கு. திட்டியும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு."

போனால், மாமிக்குப் பக்கத்தில் எட்டு மாத வயிற்றோடு ஒரு மாணவி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். சென்னையின் ஏரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். ஏற்கெனவே ஒருமுறை தவணை கேட்டு வாங்கியாயிற்று. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. குழந்தை வந்த பிறகு மறுபடி படிக்க வீட்டில் விடமாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும்.

"மொதல்ல இது பொறக்கணும் அண்ணாச்சி," என்று கையெழுத்துக் கட்டைத் தட்டினார். "அது மெதுவா பொறந்துக்கிடட்டும்."

திரையில் இருந்த செய்தி இதுதான்: நினைவகத்தில் இன்ன முகவரியை நம்ப முடியாது. அந்தப் பழைய மெஷினில் நான்கு மெமரிக் குச்சிகள். நான்கும் இருந்தால்தான் ஓடும். ஒன்றைக் கழற்றினால் சண்டி மாடுதான். மாற்றுக் குச்சி கேட்டுப் போனால், கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அந்தக் காலத்து ஐட்டம் நைனா. செவ்வாக்கெழம வா, பாக்கலாம். இப்ப கேட்டா இன்னா பண்றது?"

லஸ் முனை நடைபாதையில் எப்போதோ எடைக்கு வாங்கிய ஒரு புத்தகம் என்னிடம் இருந்தது. மெமரிக் குச்சியில் ஒட்டியிருக்கும் சிப், அதாவது சில்லு, செய்வதைப் பற்றியது. அன்று மதியம் அதைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

அதுவரை நல்ல சில்லு என்றால் குறையே இல்லாத சில்லு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நகக்கண் அளவு இடத்தில் தகவலை வைக்கும் லட்சக்கணக்கான அறைகளைக் கட்டும்போது சில அறைகள் பழுதாகத்தான் பிறக்கும். அது தெரிந்தே, கட்டும்போதே நாலு வரிசை அதிகமாகக் கட்டிவிடுகிறார்கள். சோதித்துப் பார்த்து, பழுதான வரிசையின் முகவரியை உபரி வரிசைக்குத் திருப்பிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் பழைய முகவரியைத்தான் கூப்பிடும். பதில் சொல்வது வேறு வரிசை. கூப்பிட்டவனுக்கு அது கடைசிவரை தெரியாது. நம் ஊரில் பஸ் மக்கர் பண்ணினால், டிப்போவிலிருந்து வரும் ஸ்பேர் பஸ்ஸில் அதே நம்பர் பலகையை மாட்டுவார்களே, அந்த வேலை! ஒரு மணல்துகளுக்குள் இத்தனை முன்யோசனையா என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். "மாமி, உள்ளேயே ஸ்டெப்னி இருக்கு! எழுப்பிட்டா போதும்!"

"பேஷா எழுப்புங்கோ. காபி வேணுமான்னும் கேட்டுடுங்கோ."

அவசரக் குடுக்கை நான். அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்தத் திருப்பிவிடும் வேலையைத் தொழிற்சாலையிலேயே, சில்லை மூடுவதற்கு முன்பே, லேசர் ஒளியால் ஒரு நுண்ணிய இழையைப் பொசுக்கிச் செய்துவிடுகிறார்கள். மூடியபின் யாராலும் தொட முடியாது. சனிக்கிழமை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"சாவிய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டானுவளா?" என்றார் மாணவி. சிரிக்கத்தான் பார்த்தார்; கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு சும்மா வீடு திரும்ப முடியவில்லை. அவர்கள் உள்ளே செய்ததை வெளியிலிருந்து கொஞ்சம் செய்து பார்த்தால் என்ன? பழுதான இடத்துக்கு யாரும் போகாமல் இருந்தால் சரிதானே. ஆன் பண்ணியதும் நடக்கும் சோதனையை நிறுத்திவைத்துவிட்டு, நினைவகத்தில் அந்த முகவரியும் அடங்கும்படி ஒரு பகுதியை வளைத்து, 'இது கோப்பு வைக்கும் டிரைவ்' என்று மெஷினை நம்பவைத்தேன். வேறு எந்த வேலைக்கும் அந்த இடம் போகாது. மெஷின் எழுந்து உட்கார்ந்தது. மாமி கைதட்டினார். நானும் ராஜா மாதிரி கிளம்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டிப் பார்த்தபோது மாமி பூரிப்போடு சொன்னார்: "புதுசா டி-ன்னு ஒரு டிரைவ் முளைச்சிருக்கே தம்பி, என்ன வேகம்! பாக்கியிருந்த நாலாம் அத்தியாயம் முழுக்க இன்னிக்கு விடியக்காலம்பறவே எழுந்து அதுலதான் அடிச்சு வெச்சிருக்கேன்."

அதில் எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்ல மறந்திருந்தேன். பேருக்குத்தான் டிரைவ், உண்மையில் நினைவகம்; கரண்ட் போனால் அத்தனையும் காலி. "எதையும் தொடாதீங்க மாமி!" என்று கத்திக்கொண்டே பழைய டிரைவுக்கு நகல் எடுத்தேன். வந்துவிட்டது. ஆனால் பழுதான அறை வழியாக வந்திருக்கிறது. எங்கே என்ன கெட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அச்செடுத்தோம். மாமி கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மாணவி அச்சுப் பக்கங்களில் விரல் வைத்துக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. இரண்டு மணிக்கு அவர் விரல் நின்றது.

"அண்ணாச்சி, இங்க பாருங்க."

ஒரு ஏரியின் கரையைப் பற்றிய வாக்கியம். நடுவில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு குறி. மிச்சம் இருந்த பக்கங்களையும் பார்த்தோம். அத்தியாயம் முழுவதிலும் அது ஒன்றுதான். எந்தப் பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத அந்த அறை, காகிதத்தில் மைப்புள்ளியாக எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போதும் தம்பி, பொழுது போறது," என்று மாமிதான் விசைப்பலகையை இழுத்தார்.

பைண்டிங் முடித்து மாணவியை ஆட்டோவில் ஏற்றி, மாமியும் கூடவே பல்கலைக்கழகத்துக்குப் போனார். நான் மெஷினோடு காத்திருந்தேன். போன் அடித்தபோது ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"வாங்கிண்டுட்டா தம்பி! முத்திரை குத்தியாச்சு. இந்தப் பொண்ணு பெஞ்சுல உக்காந்து அழறா, கூடச் சேர்ந்து நானும் அழறேன். அந்த கிளார்க் என்னம்மா ஆச்சுங்கறார். அவருக்கு என்னத்தைச் சொல்றது?"

"காணாமப் போன ஒரு எழுத்து கெடைச்சுதுன்னு சொல்லுங்க மாமி," என்றேன்.