தண்ணீரை நிறுத்தினேன், உயிரே போகப் பார்த்தது

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, இருமினாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் கசிந்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். கூட்டத்தில் புடவை நனைந்துவிடுமோ என்று பயந்து, வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்கமாட்டேன். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

போன கோடையில் ஒருநாள் குளிர்ஜுரமும் முதுகுவலியுமாக ரயில் நிலையத்திலேயே சுருண்டு விழுந்தேன். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி சிறுநீரகம்வரை பரவியிருந்தது. டாக்டரம்மா துருவிக் கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இடுப்புக்கு அடியில தாங்குற தசை தளர்ந்துபோயிருக்கும்மா. அதுக்குப் பயிற்சி இருக்கு. தண்ணிய நிறுத்தினா கிருமி வெளியேறாம உள்ளயே பெருகிடும், உயிருக்கே ஆபத்து" என்றார்.

அவர் போனதும், பக்கத்தில் நின்ற என் அக்கா அழ ஆரம்பித்தாள். "எனக்கும் ரொம்ப வருசமா இப்டிதான் கீதுடி. யாராண்ட போய்ச் சொல்றது?"

அவளையும் டாக்டரம்மாவிடம் காட்டினோம். கர்ப்பப்பையே இறங்கியிருந்தது. பயிற்சி மட்டும் போதாது, ஆபரேஷன் வேண்டும் என்றுவிட்டார்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி, அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்கிறேன். கசிவு குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. தண்ணீரை இப்போது நேரத்துக்குக் குடிக்கிறேன். கூட வேலை செய்யும் பெண்களிடம் நானே இந்தப் பேச்சை எடுக்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பிறகு யாராவது ஒருத்தி தனியாக என்னைத் தேடி வருகிறாள்.