பெட்டியில் ஒரே ஒரு சீட்டு

எம்.ஏ. படித்த காலத்தில், ஒரு தேர்தலுக்கு முன்பு, சர்வே எடுக்க நெய்வேலி குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். சென்சஸ் கணக்கைக் கையில் கொடுத்தால் ஓர் ஊர் யாருக்கு ஓட்டுப் போடும் என்பதில் பாதியைச் சொல்லிவிடலாம் என்பார் எங்கள் பேராசிரியர். மீதிப் பாதிக்குத்தான் நாங்கள் வெயிலில் அலைந்தோம். சின்னங்கள் அச்சடித்த சீட்டில், சர்வேக்குத் தேர்ந்தெடுத்த பட்டியலில் உள்ளவர் தனியாக இருந்து குறியிட்டு, பூட்டிய பெட்டியில் போடவேண்டும்.

தனியாகவாம்! இந்த விதியை எழுதிய புண்ணியவான் எந்த பிளாக்கிலும் ஒரு வீட்டுக்குள் கால் வைத்திருக்க மாட்டார். மனைவியைக் கேட்டால், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் கணவர் எழுந்துவந்து பதில் சொல்வார்.

ஒரு வீட்டில் மனைவியின் பெயர் பட்டியலில் இருந்தது. அங்கேயும் அதே கதைதான். "எங்க வூட்டுல எல்லாருக்கும் ஒரே சின்னந்தாங்க. எழுதிக்குங்க" என்றார் கணவர். நான் செருப்பை மாட்டும்போது அந்த அக்கா வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கிழமை இவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அப்ப வாங்க."

திங்களன்று முதல் வேலையாக அங்கே போனேன். அக்கா எனக்கே முதுகைக் காட்டி நின்று குறியிட்டு, மடித்துப் போட்டார். அன்று பார்த்துக் கணவர் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து நின்றார். பெட்டியை எடுத்துக் குலுக்கினார்.

"ஒண்ணுதான் கெடக்குது. தொறங்க, பாத்துடலாம்."

சாவி என் பையில். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்காதான் பேசினார்.

"பாத்துக்குங்க. ஆனா உங்களுக்கு ரெண்டு ஓட்டு, எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக்கினு போவச் சொல்லுங்க."

கணவர் செருப்பை மாட்டினார். "வெயிலா இருக்குது, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வரேன்" என்று பெட்டியோடு முன்னால் நடந்தார். எங்கே உடைத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே பின்னால் போனேன்.

பிறகு எத்தனையோ சர்வே எடுத்துவிட்டேன். அட்டவணையில் ஒவ்வொரு எண்ணையும் ஓர் ஆளாக மதிக்கிறேன் என்றால், அது அந்த இருவர் போட்ட பிச்சை. ஆம், அவரும்தான். பஸ் வந்ததும் பெட்டியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா கொண்டு போங்க. அவ ஓட்டு இருக்குது."