கோம்பைத் தோட்டத்தில் சுற்றாத காற்றாடி

அது 1984, ஆடி மாதம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. டீசல் இன்ஜின் வைத்திருந்தவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அப்போதுதான் மச்சினன் வந்து, "கோம்பையில தங்கராசுன்னு ஒரு அண்ணே காத்துலயே தண்ணி இறைக்கிறாரு மாமா" என்றான். அவன் கதை அளப்பதில் பெரிய ஆள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மானியம் கிடைத்தால் நாமும் ஒன்று போடலாமே என்று கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணி பஸ். தேனிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய்க்குள் என்று நினைவு. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் காற்று பஸ்ஸையே தள்ள ஆரம்பித்தது. என் தலை போன கோலத்தைப் பார்த்துக் கண்டக்டர் சிரித்தார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாக. ஒங்க முடி எம்புட்டு சார்!"

தேனியில் இறங்கி நாலு இட்லி. பிறகு கம்பம் பஸ்ஸில் வீரபாண்டி, சின்னமனூர் வழியாக உத்தமபாளையம். அங்கே மாறிக் கோம்பை. போய்ச் சேரும்போது மணி பத்தரை. மேற்கே மலை சுவராக நின்றது. அதன் இடுக்குகளிலிருந்து காற்று இறங்குகிறது பாருங்கள், ஆத்தாடி! வரப்பில் நடக்கும்போது என் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் துரத்த, அது சவுக்கு வரிசைக்கு மேலே பறந்து, அந்தப் பக்கம் வாழைத் தோட்டத்துக்குள் பொத்தென்று விழுந்தது.

அது தங்கராசு அண்ணனின் தோட்டமேதான். கிணற்றடியில் நாலு இரும்புக் கால்கள், உச்சியில் தகர இறக்கைகள். அசைவே இல்லை. மச்சினனை மனசுக்குள் நன்றாக வைதேன்.

"மிசினு கோளாறு தம்பி. மூணு மாசமாச்சு மாட்டி. ஒரு நா சுத்துது, பத்து நா தூங்குது" என்றார் அண்ணன். கிணற்றில் இருந்த கரண்ட் மோட்டாரும் கருகிக் கிடந்தது. காற்றாடியை நம்பித்தான் அவர் அதைப் பழுதுபார்க்காமல் விட்டிருந்தார். வாழையெல்லாம் தார் தள்ளி, இலை துவண்டு நின்றது. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் காயெல்லாம் சூம்பிவிடும்.

துண்டை எடுக்கக் குனிந்தேன். விழுந்த இடத்தில் அதன் ஓரம்கூட அசையவில்லை. "என்னண்ணே, வெளிய அந்தப் போடு போடுது, இங்கன காத்தே இல்லையே?"

அவர் மனைவி பேச்சியக்கா மண்வெட்டியைக் கீழே போட்டார். "இதத்தான் நானும் ஒரு மாசமாச் சொல்லுறேன். இவுக காதுல ஏறவே இல்ல."

காற்றாடியைவிட உயரமாக, நெருக்கமாக நின்றது சவுக்கு. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு வருசத்துக்கு முந்தி ஆடிக்காத்து தோட்டம் பூராத்தையும் சாச்சுப்புட்டுப் போச்சு. அதுக்குக் காவலாத்தான் சவுக்க வச்சேன். புள்ள மாதிரி வளத்தத வெட்டச் சொல்லுறியா?"

"காத்துக்குத் தப்பிச்சுத் தண்ணியில்லாமச் சாகவா வாழைய வச்சீக?" என்றார் அக்கா. "வெட்டுங்க. வெட்டுன கம்ப வாழைக்கு முட்டுக் குடுப்போம். காத்தும் வரட்டும், வாழையும் நிக்கட்டும்."

அண்ணன் போய் ஒரு சவுக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அருவாள எடுத்தா" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்தார்கள். சவுக்கு வரிசையின் ஓரங்களில் வெட்டிய கம்பையெல்லாம் முதலில் வாழைக்கு முட்டுக் கொடுத்தோம். வேடிக்கை பார்க்க வந்த என் உள்ளங்கையில் கொப்புளம். காற்றாடிக்கு நேராக இருந்த மரங்களைக் கடைசியில்தான் வெட்டினோம். சாயங்காலம் நாலரை இருக்கும்.

திறந்த வழியில் காற்று உள்ளே பாய்ந்தது. வாழை இலைகள் டர்ரென்று கிழிந்தன. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மேலே இறக்கை ஒரு தரம் நடுங்கியது, திரும்பி மேற்கைப் பார்த்தது, அப்புறம் சுற்ற ஆரம்பித்தது. நடுக்கம்பி ஏறி இறங்கியது. குழாய் இருமியது, சேறாகத் துப்பியது, பிறகு தண்ணீர்! கரண்ட் இல்லை, டீசல் இல்லை, புகை இல்லை. மலையிலிருந்து சும்மா வருகிற காற்று பாதாளத்துத் தண்ணீரைத் தூக்கி வாய்க்காலில் விடுகிறது. நான் வெட்கமில்லாமல் அந்த இரும்புக்காலைக் கும்பிட்டேன்.

இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆடியிலேயே போங்கள். தேனியிலிருந்து பஸ்ஸில் வலது ஜன்னல் பிடித்தால் மலை கூடவே வரும். துண்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது தேனிப் பக்கம் வானத்தை முட்டுகிற காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களிடம் நான் இந்தத் தோட்டத்தைத்தான் சொல்வேன். சொந்தக் கிணற்றில் காற்றாடி போட நினைப்பவர்கள், காற்று எதைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் ஊருக்கு வந்ததும் என் கிணற்றடிப் புளியமரத்தைத்தான் முதலில் அண்ணாந்து பார்த்தேன்.

மறுநாள் காலையைச் சொல்லாமல் விட்டேனே. அன்றிரவு அங்கேயே தங்கினேன். விடிய விடியக் காற்று. விடிந்ததும் அண்ணன் தோட்டத்துக்கு ஓடினார், பின்னாலேயே நானும் அக்காவும். கம்பு பற்றாமல் ஓரத்தில் முட்டில்லாமல் விட்ட மூன்று வாழை தாரோடு சாய்ந்து கிடந்தன. மற்றவையெல்லாம் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு, காலடியில் தண்ணீரோடு நின்றன.

நான் விழுந்ததைப் பார்த்து உச்சுக்கொட்டினேன். அண்ணன் மேலே சுற்றுகிற இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடக்கட்டும் தம்பி. ராப்பூராம் காத்துப்பய தண்ணி எறைச்சிருக்கான்ல? அந்த மூணும் அவனுக்குக் கூலி."