கதவைக் கழற்றச் சொன்னது நான்தான்

தாம்பரம் மார்க்கெட் பக்கம் இரண்டு கடை, கோவிலம்பாக்கத்தில் மாடி வீடு, படப்பை ரோட்டில் கல்யாண மண்டபம். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான், யார் கையையும் எதிர்பார்க்காமல் கட்டியவை. அந்த மண்டபத்திலேயே போன வாரம், நான் வாங்கிப் போட்ட மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமா மகன் பேசுகிறான்: ஏரி மண் கேஸில் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது அவன் அப்பாவாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் அள்ளி வயலில் கொட்டுவது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா அந்த மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டதாக எவனோ மொட்டைக் கடுதாசி போட, தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதில் சொல்லாவிட்டால் வண்டியும் மாடும் பறிமுதல். எங்களுக்குச் சோறு போட்டதே அந்த வண்டிதான்.

அப்பா கையை நீட்டவே இல்லை. "வாங்குனாத்தான கேஸு? நான் வாங்கல, போய்யா."

நோட்டீஸ் கொண்டுவந்தவர் பசையைத் தடவிக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

"மாடு போச்சுனா சோத்துக்கு இன்னா பண்றது? மனு எழுதுறவராண்ட கொண்டும்போய்க் காட்டு" என்று அம்மா அழுதாள். மாமா கத்தியால் சுரண்டி எடுக்கப் பார்த்தார். ஒரு மூலை கிழிந்ததுதான் மிச்சம். இதுதான் அவர் காப்பாற்றிய லட்சணம்!

"கதவையே கயட்டிக்கினு போலாம்பா" என்றேன் நான்.

சிரித்தார்கள். ஆனால் கழற்றினார்கள். குற்றம் சாட்டப்பட்ட அதே வண்டியில் கதவை ஏற்றிக்கொண்டு போனோம்.

"நோட்டீஸக் காட்டுன்னா வூட்டையே தூக்கிக்கினு வந்துகீறியே நைனா!" என்றார் மனு எழுதுகிறவர்.

"அந்த ஆபீசர நாலு வார்த்த நறுக்குனு கேட்டு எழுது சார்" என்று துள்ளினார் மாமா.

"திட்டுனா மாடு தப்பிச்சிடுமா? சும்மா இரு." அப்பா பக்கம் திரும்பினார். "மண்ண எடுத்தியா?"

"எடுத்தேன்."

"வித்தியா?"

"இல்ல சார், வயல்லயே கீது."

"அவ்ளோதான் பதில்."

எடுத்தது உண்மை, விற்றது பொய், மண் வயலில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று எழுதினார். நகலில் ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வந்து பார்த்தார்கள், வயல் முழுக்கக் கறுப்பாக வண்டல் கிடந்தது. வண்டி தப்பித்தது.

நோட்டீஸ் கிழியக் கூடாதே என்று யோசித்தா நான் சொன்னேன்? கதவே இல்லாவிட்டால் அடுத்த நோட்டீஸை எதில் ஒட்டுவார்கள் என்றுதான். சுவர் என்று ஒன்று இருப்பது அந்த வயதில் உறைக்கவில்லை. அதனால் என்ன? சொன்னது யார்? அடுத்த கல்யாணத்தில் மைக்கைப் பிடிக்கிறவன் என் பெயரைச் சொல்லட்டும். இல்லையென்றால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்ளட்டும்.