நாற்பத்தேழாம் எண் சிவப்பு

டுசல்டார்ஃபில் எங்கள் ஓவியச் சாயத் தொழிற்சாலை கெர்லிண்டே ஹூப்பர்ட்ஸை வேலைக்கு எடுத்தது அவர் கண்ணுக்காக. புதிதாக அரைத்த சாயத்தைப் பழைய மாதிரியின் பக்கத்தில் தடவி, வடக்கு ஜன்னலில் பிடித்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்பார். இருபத்தெட்டு ஆண்டுகள் அதுதான் தீர்ப்பு. 1986இல் நிறம் அளக்கும் கருவி வந்தது. கெர்லிண்டேயை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கருவி சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

மறு ஆண்டு நவம்பரில் ஓவியர் தேயோ லாங்கஸ் ஒரு பலகையோடு வந்தார். கிரேஃபெல்டில் பதிவுத் திருமணக் கூடத்துக்கு ஆறு மீட்டர் ஓவியம், மே மாதம் திறப்பு. பின்னணி முழுக்க எங்கள் நாற்பத்தேழாம் எண், மார்ஸ் சிவப்பு. பாதியில் அவருக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை, இரண்டு வருட ஓய்வு. அதே எண்ணில் புதுச் சாயக் குழாய் வாங்கித் தொடர்ந்தால் நடுவே ஒரு கோடு விழுகிறது. இரண்டு சிவப்பையும் பலகையில் பூசிக் கொண்டுவந்திருந்தார்.

"எனக்குத்தான் கண்ணு போச்சாம்மா?"

கெர்லிண்டே ஜன்னலில் பிடித்தார். பழையது செங்கல், புதியதில் லேசாக ஊதா.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லங்க."

கருவியோ, வித்தியாசம் அனுமதித்த அளவுக்குள்தான் என்றது. மேலாளர் ஓஸ்டர்காம்ப் எட்டிப் பார்த்தார்.

"மெஷினுக்கு வயசாகல பாருங்க."

"ஆமா சார், ஒரு வயசுதான். இன்னும் பேச்சு திருந்தல."

பிறகு கெர்லிண்டே ரைன் கரை ஆலைக்குத் தொலைபேசினார். பழைய இரும்பைத் துருவாக்கி, உலையில் சுட்டுச் சிவப்பாக்கி எங்களுக்கு விற்பவர்கள் அவர்கள்.

"சின்ன உலைய இடிச்சாச்சும்மா. பெரிசுல சூடு கூட, அதான் ஊதா அடிக்குது. கூரை ஓட்டுக்காரன், நடைபாதைக் கல்லுக்காரன் எவனும் குறை சொல்லலையே. நீங்க வருஷம் பூரா வாங்கறது எங்க லாரி கழுவுற தண்ணியில போயிரும்."

"அந்தத் தண்ணியையாவது அனுப்புங்களேன்."

எதிர்முனையில் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான்.

பழைய மாதிரிப் புட்டியில் பழைய சிவப்பு இரண்டு கரண்டி இருந்தது. ஆறு மீட்டருக்கு அது பொட்டு வைக்கக் காணாது.

"பழைய பாதி மேலயும் புதுசப் பூசிட்டா?" என்றார் கெர்லிண்டே.

"அதுல நாப்பது பேர் நிக்கிறாங்க. ஒவ்வொருத்தர் ஓரமா மறுபடி பூசணும். இந்தத் தோளுக்கு ஆகாது." லாங்கஸ் யோசித்தார். "நாளாக நாளாகப் பழசு வெளுத்து இதோட சேர்ந்துக்காதா?"

எங்கள் விளம்பரமே நிறம் மாறாது என்பதுதான்.

"ரெண்டும் துருங்க. துருவுக்கு மேல கெட்டுப்போக என்ன இருக்கு? ஐந்நூறு வருஷம் அப்படியே நிக்கும்."

"அப்ப கோடு?"

"அதுவும்தான்."

வேறு சிவப்பு கிடையாது என்பதால் லாங்கஸ் புதிதிலேயே ஆறு குழாய் எடுத்துக்கொண்டார். குழாய்களோடு பலகையையும் சேர்த்து அவரால் தூக்க முடியவில்லை. டிராம் நிறுத்தம் வரை கெர்லிண்டே தூக்கிப் போனார்.