அப்பாவுக்கு மூக்காக இருந்த காலம்

1. முதல் நாள்

கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து இஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தபோது பதின்மூன்று வயது. தேயிலை ஆலையை நாங்கள் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். காய்ந்த தூளில் குச்சி பொறுக்குகிற வேலை. ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. தலையைக் குனிந்தே செய்கிற வேலை என்பதால் தோதாக இருந்தது.

அப்பா அங்கேதான் புளிக்கும் தரையில் இருந்தார். ரோலரில் அரைபட்ட கொழுந்தைச் சீமெந்துத் தரையில் பரப்பி வைப்பார்கள். பச்சை வாசம் போய், பழுத்த கொய்யா மாதிரி ஒரு வாசம் வரும். அந்த நேரத்தில் அள்ளிக் காய வைக்க அனுப்ப வேண்டும். பிந்தினால் கெட்டது. அந்த நேரத்தைச் சொல்வதுதான் அப்பாவின் வேலை.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"புள்ள, அம்மாகிட்டகூட சொல்லிராத. எனக்கு வாசமே தெரியாது."

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு வேலையாளாகப் போய், விஷப்புகை குடித்துத் திரும்பியவர் அவர். நெஞ்சு இழுப்பது எல்லோருக்கும் தெரியும். மூக்கு போனது யாருக்கும் தெரியாது. வெயில் நாளில் இலை செம்பு நிறமாவதைப் பார்த்துச் சமாளிப்பார். மழை நாளில் உள்ளே இருட்டு, நிறம் தெரியாது. இந்த வேலை போனால் மலையேறித் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட வேண்டும். அந்த நெஞ்சோடு எத்தனை நாள் ஏறுவார்? வேலைக்குப் போகாதவருக்குத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது.

குச்சிக் கூடையைக் கொட்டப் போகும்போது நான் அந்தத் தரையைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடை வலது இடுப்பில் இருந்தால் இன்னும் பொறு, இடது இடுப்பில் இருந்தால் அள்ளு. அப்படி எங்களுக்குள் ஏற்பாடு.

2. தடிமல்

ஒரு அடைமழை நாள். எனக்குத் தடிமல் பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துவிட்டது. சொன்னால் அப்பா கலங்குவார் என்று சொல்லவில்லை. குத்துமதிப்பாக மூன்று தரமும் வலது இடுப்பிலேயே கூடையைக் கொண்டுபோனேன்.

இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்தவர். வாசலில் வரும்போதே அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன வேலு, உம்மட மூக்கு எங்க போட்டுது? ரோட்டுவரைக்கும் புளிச்சு மணக்குது!"

"லயத்துல கழட்டி வச்சிட்டு வந்திருப்பாருங்க" என்றான் ரோலர்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தப்பு என்னுதுங்க" என்றார்.

"அப்ப நாளைக்கு மலைக்குப் போம்."

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "ஐயா, தப்பு என்னுதுங்க. எனக்குத் தடிமலுங்க."

"உனக்குத் தடிமன் எண்டா அவருக்கு என்ன?"

அப்பாதான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது நிமிர்ந்து நின்றார்.

ஐயா கெட்டுப்போன இலையில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். "அவர் கொழுந்து நிறுக்கட்டும். நீ தடிமன் மாறினாப் பிறகு வா, உன்ர மூக்கைப் பாப்பம்" என்றார்.

மூன்று நாள் சோதித்துவிட்டு அந்தத் தரையை என்னிடம் விட்டார். கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் வேலை செய்தேன். இஸ்டோருக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மூக்கடைத்தால் வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். வெட்கத்தால் மறைத்தால் பழி வேறு ஒருவர் தலையில் விழும்.

3. அன்று சாயங்காலம்

நாங்கள் போய்ச் சேருமுன் அப்பாவின் மூக்குச் செய்தி லயத்துக்குப் போய்விட்டது. அம்மா காம்பரா வாசலில் நின்றாள்.

"அப்ப பத்து வருசமா ஏங் கறிய மணக்குது, மணக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

அப்பா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஒம் மூஞ்சியப் பாத்தா தெரியாதா, கறி நல்லா வந்துருக்கா இல்லையான்னு?"