ஷேடு மாப்பிள்ளையின் அடுப்பு

எங்கள் கட்டடத்தில் எத்தனையோ பெண்கள் விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று வேகிறார்கள். ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. என் தங்கையின் கணவர் ஒரு நாள் அடுப்பைப் பற்ற வைத்தார். அவ்வளவுதான், மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் என் தங்கையைப் பார்த்து, "நீ கொடுத்து வெச்சவம்மா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்வீட்டு வாத்தியார் தன் மனைவியிடமே அவரைக் காட்டி, "இவரப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு" என்றார். வெட்கப்பட்ட மனுஷர் மறுநாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அது வேறு விஷயம்.

நான் மேல்மாடியில் இருக்கிறேன். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை. தங்கை வீடு எனக்கு நேர் கீழே. அதனால் அந்த அடுப்பைப் பற்றிய புகழும் என் காதுக்கு வரும், அதிலிருந்து கிளம்பும் தீய்ந்த வாடையும் என் ஜன்னலுக்கு வரும். எதை நம்புவது என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் கடையில் வேலை. கடையில் அவரை ஷேடு என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். வெளிச்சத்தில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் வெள்ளை டப்பாவைத் திறந்து அதில் ஒரு சொட்டு, இதில் ஒரு சொட்டு என்று விட்டுக் கலக்கி, சில்லின் மேலேயே தடவிக் காட்டுவார். தடவிய இடம் தெரியாது. அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, இல்லாததை நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் குடித்த டம்ளரை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற வளர்ப்பு. அவருடைய அம்மா தண்ணீரைக் கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்து வளர்த்தவர்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை டீ போட்டார். "கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்று என் தங்கை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அப்ப நீயே போட்டுக்கோ" என்று கரண்டியைக் கீழே வைத்தவர்தான், குழந்தை பிறக்கும் வரைக்கும் அதைத் தொடவே இல்லை.

என் தங்கை இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவள். கூரைக்குக் கீழே தொங்குகிற கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு லாரி கனமுள்ள கம்பிக்கட்டைப் பூப் போலத் தூக்கி வைப்பாள். அந்தக் கூண்டுக்கு ஏறுவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள் அவள். பிரசவ விடுப்பு முடிகிற திங்கட்கிழமை அவள் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளை ஏற்றிவிடுவோம் என்று மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்புறம் தரையில் நின்று கம்பிக்கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலைதான் அவளுக்கு மிஞ்சும்.

ஏற்பாடு என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. அவளுக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு மதியத்துக்கு மேல் கடை. காலையில் அப்பா குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "சமையலையும் நானே பாத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை பெரிய மனது பண்ணி அறிவித்தார். குழந்தை பிறந்த கையோடு ஆரம்பித்தும் விட்டார்.

ஐயோ, அந்த அழகை என்னவென்று சொல்வேன். முழங்கை வரைக்கும் கை கழுவுவார். கடையில் கட்டுகிற மேலங்கியைக் கட்டிக்கொள்வார். பத்திரிகையில் வந்த படத்தைக் கிழித்து அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து, அதையும் சட்டியையும் மாறி மாறிப் பார்ப்பார். சூப் வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள். ரொம்பச் சிவந்துவிட்டால் ஒரு கை பால். படத்தில் இருக்கிற நிறம் வந்துவிட்டால் சமையல் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் மிச்சத்தை டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொரு மூடியின் மேலும் உள்ளே இருப்பதில் ஒரு பொட்டு எடுத்து வைப்பார். பெயிண்ட் கடையில் டப்பாவைத் திறக்காமலே நிறம் தெரிவதற்காக அப்படி வைப்பார்களாம். வீட்டில் அது எறும்புக்குத்தான் வசதியாக இருந்தது.

பார்வைக்குக் குறை சொல்ல முடியாது, படம் மாதிரியே இருக்கும். வாயில் வைத்தால் ஒன்று உப்புச் சப்பில்லாமல் இருக்கும், இல்லாவிட்டால் தொண்டையைப் பிடிக்கும். ஒரு நாள் எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பி வைத்தார். மூன்றாவது வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். என் தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதே சூப்பைத் தின்றுகொண்டிருந்தாள்.

"எப்படிடி இதைத் திங்கற? வாயத் தொறந்து சொல்லேன்," என்றேன்.

"சொன்னா கரண்டிய வெச்சிட்டுப் போயிடுவாருக்கா. டீக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? அப்புறம் நான் எப்படி வேலைக்குப் போறது?"

"அதுக்காக?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டா ஒரு வேளை முடிஞ்சிடுது," என்று அடுத்த வாயை விழுங்கினாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா வந்தார். பிள்ளை மேலங்கி கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் புள்ள ஒரு டம்ளர் கூட கழுவுனதில்ல, இப்ப எப்படி உழைக்கிறான் பாருங்க," என்று என்னிடம் சொன்னார். உழைத்ததையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தது என் தங்கை. ஆனது இரண்டே பேர் சாப்பாடு, ஆனால் கழுவுகிற தொட்டி நிரம்பி வழிந்தது. தட்டு வந்ததும் அந்த அம்மா மட்டும், "எனக்கு என்னமோ வயிறு சரியில்லப்பா," என்று நைசாக ஒதுக்கி வைத்துவிட்டார். மோந்து பார்த்தே கண்டுபிடித்திருப்பார், விவரமானவர்.

இந்தக் கூத்து பெரியவர்களோடு நின்றிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் தங்கையின் குழந்தை, எங்கள் குட்டி, சாப்பிட வேண்டிய வயசுக்கு வந்துவிட்டது. புட்டியை அது தொடாது. அம்மா வேலைக்குப் போகிற நேரத்தில் அதற்கு ஒரு கிண்ணம் மசித்த சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். நான் ஒரு விடுமுறை நாளில் மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். குட்டி வழித்து வழித்துத் தின்றது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்த்தார். கற்றுக்கொள்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் கிண்ணத்திலிருந்து ஒரு பொட்டு எடுத்து, அடுப்புக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கிற வெள்ளை ஓட்டில் தடவி வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் வாங்கி வந்த பூசணி கொஞ்சம் வெளிறியது. அதற்காக ஷேடு சும்மா இருப்பாரா? மஞ்சள்தூள் போட்டுத் தூக்கினார். கொஞ்சம் பச்சையடித்த மாதிரி இருந்ததாம், பீட்ரூட் சாறு விட்டார். அது இருட்டிவிட்டது என்று பால் விட்டார். பால் அதிகமாகி வெளுத்தது என்று மறுபடியும் மஞ்சள்தூள். ஓட்டில் இருந்த பொட்டுக்குப் பக்கத்தில் தடவிப் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான், வித்தியாசமே கிடையாது. குட்டி ஒரு வாய் வாங்கி, முகத்தைச் சுளித்து, அவர் சட்டை மேலேயே துப்பியது.

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? நிறம் இன்னும் சரியாக வரவில்லை என்று நினைத்தார். தினமும் புதிதாகக் கலக்கினார். ஓடு முழுக்க மஞ்சள் பொட்டுகள் வரிசை கட்டின. கடைசியில் கரண்டியைக் கண்டாலே குட்டி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்ப ஆரம்பித்துவிட்டது. நான் கொடுத்தாலும் வாங்கவில்லை, அம்மா கொடுத்தாலும் வாங்கவில்லை. கரண்டி என்றாலே கசப்பு என்று அது முடிவு கட்டிவிட்டது, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

விடுப்பின் கடைசி ஞாயிறு வந்தது. காலையிலேயே குட்டியின் அழுகை என் வீட்டுத் தரை வழியாகக் கேட்டது. இறங்கிப் போனேன். மாப்பிள்ளை கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தாடியிலெல்லாம் மஞ்சள். தங்கை போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"நாளைக்கு நான் போகலக்கா," என்றாள். "மேலாளர்கிட்ட சொல்லிடறேன். குட்டி பட்டினி கிடக்கும்போது நான் மேல போய் உக்காந்து என்ன கிழிக்கப் போறேன்?"

"என்ன பண்றதுன்னே தெரியலக்கா," என்றார் மாப்பிள்ளை என்னைப் பார்த்து. "நிறமெல்லாம் சரியாத்தான் இருக்கு. புள்ளைக்கு எம் மேல என்ன கோவமோ."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "இதை நீங்க வாயில வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? வேலை பண்றப்ப எதையும் வாயில வெக்கக் கூடாதுக்கா," என்றார். ஏதோ நான்தான் விவரம் கெட்டவள் என்கிற மாதிரி. "கடையில மொதல் நாளே சொல்லிக் கொடுத்துட்டாங்க. கலக்குற கை வாய்க்குப் போகவே கூடாது. ஒருத்தன் விரல நக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தான். அதுலருந்து எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

"மாப்ள, இது பெயிண்டா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் கூடவா? இத்தனை மாசத்துல ஒரு சொட்டு கூட நாக்குல வெக்கலையா?"

"நான் கடையிலதானேக்கா சாப்புடறேன்," என்றார்.

கேட்டீர்களா? ஊரே கொண்டாடுகிற சமையல்காரர், தான் சமைத்ததை ஒரு தடவை கூடச் சாப்பிட்டதில்லை. வாரம் ஏழு நாளும் மதியம் கடைக் கேண்டீன், ராத்திரியும் கடைக் கேண்டீன். நான் குட்டியின் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "சாப்பிடுங்க," என்றேன். மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது என் குரலில், அதற்கு நான் வருத்தப்படப் போவதில்லை.

ஒரு கரண்டி வாயில் வைத்தார். குட்டி சுளித்த அதே சுளிப்பு. அப்பனும் மகளும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஓடிப் போய்த் தொட்டியில் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே ஃபிரிட்ஜைத் திறந்தார். பொட்டு வைத்த டப்பா ஒவ்வொன்றையும் எடுத்து, மூடியைக் கழற்றி, ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். சூப், கோழி, பருப்பு, எதையும் விடவில்லை. கடைசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் தங்கையைப் பார்த்தார்.

"இதையா நீ சாப்ட்ட?"

"ஆமா."

"தினமுமா?"

"தினமும்தான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?" என்றாள் என் தங்கை. கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இரக்கம் வந்தது என்று நினைக்க வேண்டாம். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து மீதியிருந்த பூசணியை நறுக்கி வேகவைத்தார். மஞ்சள்தூள் டப்பாவின் பக்கம் கை போனது, பாதியில் திரும்பிவிட்டது. மசித்தால் அழுக்கு வெள்ளையாக இருந்தது. கடையில் யாராவது அந்த நிறத்தைக் கேட்டால் அவர் கலக்கித் தர மாட்டார். குட்டியின் எதிரே உட்கார்ந்து, முதலில் தன் வாயில் ஒரு கரண்டி வைத்தார், மென்றார், விழுங்கினார். குட்டி அவர் வாயையே பார்த்தது. இன்னொரு கரண்டியால் கொஞ்சம் எடுத்து நீட்டினார். இறுக்கின உதட்டைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது, அப்புறம் திறந்தது. என் தங்கை போனை மேஜை மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். அவர் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. காலை முழுக்கக் காதைத் தரையில் வைக்காத குறையாக உட்கார்ந்திருந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. தங்கை ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரத்துக்குக் கீழே போனேன். கிண்ணம் காலி, குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஓட்டில் இருந்த பொட்டுகளைத் துடைத்திருந்தார், முழுக்கப் போகவில்லை.

அவள் வந்தாள். விரலிடுக்கில் கிரீஸ், நெற்றியில் தலைக்கவசத்தின் தடம், முகத்தில் அவ்வளவு மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு. கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். அவர் சூப்பை ஊற்றி எதிரே வைத்தார். நிறமா அது, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் ஒரு வாய் எடுத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் "நல்லா இருக்கு" என்பாள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"உப்பு பத்தல," என்றாள்.

எனக்கு டீ ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும், கரண்டி கிண்ணத்திலேயே நின்றது. மாப்பிள்ளை குனிந்து அவள் கிண்ணத்திலிருந்தே ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.

"ஆமா," என்று உப்பு ஜாடியை எடுத்து வந்தார். "வேற?"

"வெங்காயம் வேகல."

"ம்."

"அந்த மூடியில பொட்டு வெக்கறத நிறுத்துங்க. எறும்பு வருது. அப்புறம் பாத்திரத்த நீங்களே கழுவணும், இனிமே என்னால முடியாது."

அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அத்தனை மாசமும் விழுங்கியது ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. இதற்காக அவருக்கு மாலை போட வேண்டும் என்று யாராவது மாடிப்படியில் சொன்னால் அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் மேலங்கியோடு நின்று, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டார்.